பெருக்கமரத்தின் முதல் ஆறு வருடம்

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வரும் இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயம், புறாக்கூடு, வெட்டவெளியில் மேயும் மட்டக் குதிரைகள், முருகைக்கல் அடுக்கிய வேலிகள், கடைசியாகப் பெருக்கமரம். அடிமரத்தில் ஒரு திறப்பு இருக்கிறது. குனிந்து உள்ளே போனால் நாலைந்து பேர் நிற்கலாம். படம் எடுத்துக்கொண்டு, குறிகட்டுவானுக்குப் போகும் கடைசிப் படகைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். மரத்தடியில் பொதுவாக இரண்டு கேள்விகள் எழும். வயது எத்தனை? யார் நட்டது? இதன் கன்றுகள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

பெருக்கமரம் ஆபிரிக்காவின் மரம். இலங்கையில் எஞ்சியிருப்பவை சில டசின்கள்தான். அவற்றிலும் பெரும்பகுதி மன்னாரில். தமிழ்நாட்டில் இராமநாதபுரம் பக்கத்தில் பப்பரப்புளி என்றும் ஆனைப்புளி என்றும் சொல்லுவார்கள். முதிர்ந்த மரங்களைப் பார்த்தே பழகியதால், முதல் ஆறு வருடம் இது மரமே அல்ல, ஆடு ஒரு வாயில் மேய்ந்துவிடக்கூடிய பற்றைச்செடி என்பது நமக்கு மறந்துவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும் மரத்துக்கு நம் பராமரிப்பு பெரிதாகத் தேவையில்லை. அந்த ஆறு வருடப் பற்றைக்குத்தான் தேவை.

முதலில் உறவுமுறை. பெருக்கமரம் பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வேலிப் பூவரசு, பஞ்சு இலவு, முற்றத்துச் செவ்வரத்தை, தோட்டத்து வெண்டி எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். வெண்டிக்காயை வெட்டும்போது வரும் வழுவழுப்பு பெருக்க இலையிலும் இருக்கிறது. செனகலில் அந்த இலையைக் காயவைத்து இடித்த தூள்தான் சோற்றுக்கும் கூழுக்கும் குழைவு கொடுக்கிறது. உலகில் பெருக்க இனங்கள் எட்டு. ஆறு மடகஸ்காருக்கே உரியவை, ஒன்று அவுஸ்திரேலியாவின் வடமேற்கில், ஒன்று ஆபிரிக்கப் பெருநிலத்தில். நம்மிடம் இருப்பது ஆபிரிக்கப் பெருநிலத்து இனம். இந்த எட்டுக்கும் ஆதி வீடு மடகஸ்கார்தான் என்று 2024இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு சொல்லுகிறது.

தாவரவியல் பெயர் அடன்சோனியா டிஜிடேட்டா. 1749இல் செனகலுக்குப் போன பிரெஞ்சுக்காரர் மிஷெல் அடன்சோனின் பெயர் அது. இன்றைய டக்கார் நகரின் எதிரே உள்ள சிறு தீவுகளில் அவர் பெருக்கமரங்களைக் கண்டார். அவற்றில் முன்னைய நூற்றாண்டுகளில் வந்த ஐரோப்பிய மாலுமிகள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். செதுக்கலுக்கு மேல் எத்தனை தடிப்புக்கு மரம் வளர்ந்திருக்கிறது என்று அளந்து, அதிலிருந்து வளர்ச்சி வேகத்தைக் கணித்து, மிகப் பெரிய மரமொன்றுக்கு 5,150 வயது இருக்கும் என்று எழுதினார். கணக்கு பிழை. இளமரம் வேகமாகப் பருக்கும், முதுமரம் மெல்லப் பருக்கும் என்பதை அந்தக் கணக்கு போதுமான அளவு பிடிக்கவில்லை. ஆனால் மரத்தில் பெயர் வெட்டும் வியாதி சுற்றுலாப் பயணிகளுக்கு இன்று நேற்று வந்ததல்ல என்பதற்கு அவர் குறிப்பு நல்ல சான்று.

வளையத்தை எண்ணி வயது சொல்ல இந்த மரம் இடம் கொடுக்காது. வளையங்கள் மங்கல், சில வருடம் ஒன்றுக்கு மேல் விழும், நடுப்பகுதியோ பொந்து. அதனால் ரேடியோ காபன் முறைதான் வழி. ருமேனியாவின் குளுஜ் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்ரியன் பட்ருட்டின் குழு இதில் பல ஆண்டுகள் உழைத்தது. சிம்பாப்வேயில் இருந்த பாங்கே என்ற மரத்துக்கு ஏறத்தாழ 2,450 வயது என்று கண்டார்கள். இந்தியாவில், அலகாபாத்துக்கு எதிரே ஜூன்சியிலும் உத்தரப் பிரதேசத்துக் கிந்தூரிலும் உள்ள மரங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு, இரண்டுக்கும் 750 முதல் 800 வயது வரை. மன்னார் பள்ளிமுனை மரத்தை 1477இல் அராபிய மாலுமிகள் நட்டதாகச் சொல்லப்படுகிறது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர்தான். சுற்றளவைப் பார்த்து மயங்கி வயது சொல்லுவதை நான் நம்புவதில்லை. பெரும் பெருக்கமரம் பலவும் ஒற்றை அடிமரம் அல்ல. பக்கத்தில் பக்கத்தில் எழுந்த பல தண்டுகள் வட்டமாக நெருங்கி ஒட்டிக்கொண்டவை. நடுவில் விடுபட்ட வெளிதான் பல மரங்களில் நாம் நுழையும் ‘பொந்து’. அது உக்கி உண்டான ஓட்டை அல்ல. அந்தப் பொந்தின் உட்சுவரிலும் உயிருள்ள பட்டை இருக்கும். ஆகவே உள்ளே நின்று பெயர் கீறினாலும் வெளியே நின்று கீறினாலும் மரத்துக்குக் காயம் ஒன்றுதான்.

கடலில் மிதந்து வந்ததா, மனிதர் கொண்டுவந்தார்களா? ஓடு கெட்டியான காய்தான், மிதக்கும். ஆனால் இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்கமரங்களின் மரபணுவை ஆபிரிக்க மரங்களோடு ஒப்பிட்டு கேரன் பெல், ஹரிப்பிரியா ரங்கன் முதலானோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்லுகிறது. அவை ஒரே தடவையில் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல. ஆபிரிக்காவின் வெவ்வேறு கரைகளிலிருந்து, வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கப்பற்காரர் கையில் வந்திருக்கின்றன. அராபியரும் சுவாகிலிகளும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஓடிய பாதைகள் எல்லாம் அதில் தெரிகின்றன. நெடுந்தீவு அந்தப் பாதைகளின் ஓரத்தில் கிடந்த தீவு.

வந்தேறி மரத்துக்கு இத்தனை கரிசனை ஏன் என்று கேட்பவர்கள் தங்கள் அடுக்களையை ஒருதரம் பார்க்கலாம். குரக்கன், கௌபி, வத்தகப்பழம், கோப்பி, ஆமணக்கு, புளி எல்லாமே ஆபிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டவை. குடியேறிய எல்லாத் தாவரமும் நல்லவை என்று சொல்லவரவில்லை. 1980களின் பிற்பகுதியில் இந்திய அமைதிப்படையோடு வந்ததாகக் கருதப்படும் பாத்தீனியம், யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக் காணிகளை என்ன பாடு படுத்துகிறது என்பது கமக்காரருக்குத் தெரியும். பெருக்கமரம் அந்த வகை அல்ல. பல நூற்றாண்டு இங்கே இருந்தும் தானாகப் பெருகிப் பரவத் தெரியாத மரம் அது.

உடலமைப்புக்கு வருவோம். பெருக்கமரத்தைப் பற்றிய பிரபலமான கதை, அது தண்ணீர்த் தாங்கி என்பது. மாரியில் குடித்து நிரப்பிக்கொண்டு கோடை முழுவதும் அதைக் குடித்தே வாழ்கிறது என்று பாடப்புத்தகங்களும் சொல்லும். மரத்தினுள் நீர் ஏராளம் என்பது உண்மை. வைரம் என்று சொல்ல எதுவும் இல்லை. கோடரி ஈரப் பஞ்சில் புதைவதுபோல் உள்ளே போகும். ஆனால் சபோட்டின், ஹோல்புரூக் முதலான ஆய்வாளர்கள் மடகஸ்கார் பெருக்கமரங்களில் அளந்து 2006இல் எழுதியது வேறு. உலர்ந்த மாதங்களில் மரம் இலையில்லாமல் சும்மா நிற்கிறது. மழை தொடங்கச் சற்று முன்பு புதிய இலைகளை விடுகிறது. இலை விடுவதற்கு மட்டும் தண்டுநீரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும் அளவை எடுக்கிறது. விட்ட இலையின் துளைகளையோ மண்ணில் மழை ஈரம் வந்த பிறகுதான் தாராளமாகத் திறக்கிறது. சேமிப்பைத் தொட்டு அன்றாடச் செலவு பார்க்கும் பழக்கம் அதற்கு இல்லை. பார்க்கவும் முடியாது. மென்மையான அந்தத் தண்டு நிமிர்ந்து நிற்பதே உள்ளிருக்கும் நீரின் விறைப்பால். அதிகம் எடுத்தால் மரம் தன் பாரத்திலேயே மடங்கி விழும்.

சூடானின் கோர்டோபான் பகுதியில் பெருக்கமரத்தைக் குடைந்து குடிநீர் சேமிக்கும் வழக்கம் உண்டு. அதைக் கேட்டவர்கள் மரமே நீர் தருகிறது என்று எண்ணிவிட்டார்கள். உண்மையில் மழை நேரத்தில் சுற்றிலும் ஓடும் வெள்ளத்தை ஆட்கள் வாளியால் அள்ளி அதற்குள் ஊற்றி வைக்கிறார்கள்.

இலை இல்லாத மாதங்களிலும் மரம் முழுத் தூக்கம் இல்லை. சாம்பல் நிறப் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் கீழே பச்சை தெரியும். அந்தப் பச்சைப் படை சூரிய ஒளியில் கொஞ்சம் உணவு செய்துகொண்டிருக்கும். கன்று வளர்ப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

வேரைப் பார்த்தால் நெடுந்தீவில் இது எப்படி நிற்கிறது என்பது விளங்கும். அந்தத் தீவில் பல இடங்களில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் கல்லில்தான் படும். முதிர்ந்த பெருக்கமரத்துக்கு ஆழம் அவ்வளவு தேவையில்லை. அதன் வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டு மீற்றர் மண்ணுக்குள்ளேயே ஓடி, பக்கவாட்டில் அடிமரத்திலிருந்து ஐம்பது மீற்றர் வரைகூடப் போகும். பெய்யும் மழையை மண்மேலாகவே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆபிரிக்காவிலும் சுண்ணாம்பு மண்ணில் நன்றாக வளர்கிறது. வருட மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர், அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள், மிச்ச மாதங்களில் வெயிலும் சோளகக் காற்றும் என்ற நம் வானிலை அதற்குப் புதிதல்ல. ஒன்றுமட்டும் ஆகாது: தேங்கிய தண்ணீர்.

இவ்வளவு பொருத்தமிருந்தும் கன்றுகள் ஏன் இல்லை?

பூவிலிருந்து தொடங்கலாம். நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூ. மாலை மயங்கும்போது விரியும், ஆயிரம் அளவு கேசரங்கள் குஞ்சமாகத் தொங்கும், அடுத்த நாளுக்குள் விழுந்துவிடும். மணம் என்று சொல்ல மனம் வராது; கொஞ்சம் புளித்த நாற்றம். அது வௌவாலுக்கு விடும் அழைப்பு. ஆபிரிக்காவில் பழந்தின்னி வௌவால்களும் சில இடங்களில் பெரிய இரவு அந்துகளும் மகரந்தத்தைக் கொண்டுபோகின்றன. நம்மிடமும் இலுப்பைப் பூவுக்கு வரும் வௌவால்கள் உண்டு. ஆனால் பெருக்கமரம் தன் பூவின் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, இன்னொரு மரத்தினது வேண்டும். தீவில் தனியே நிற்கும் மரத்துக்குத் துணை இல்லையென்றால் பூத்தும் காய்க்காது, காய்த்தாலும் கொஞ்சம்.

காய் பழுத்தால் மயிர் படர்ந்த கெட்டி ஓட்டினுள் வெள்ளையாக உலர்ந்த மாவும், அதற்குள் சிறுநீரக வடிவில் கறுத்த விதைகளும் இருக்கும். மாவு புளிப்பு. அதில் விற்றமின் சி தோடம்பழத்தைவிடப் பல மடங்கு என்பதால், 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவாக விற்க அனுமதித்தது. இன்று இலண்டன் கடைகளில் பொதியில் கிடைக்கிறது. மன்னாரில் பிள்ளைகள் சும்மா உடைத்துச் சூப்பியதுதான் அது.

விதையின் தோல் மிகக் கெட்டி. அப்படியே மண்ணில் போட்டால் ஐந்தில் ஒன்றுகூட முளைப்பது சந்தேகம். ஆபிரிக்காவில் யானையும் பபூன் குரங்கும் பழத்தைத் தின்று, வயிற்றுச் சாற்றில் தோல் இளகிய விதையைத் தூரத்தில் சாணத்தோடு போட்டுவிடும். குடாநாட்டில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. தப்பித் தவறி முளைத்ததை ஆடும் மாடும், நெடுந்தீவில் கூடவே குதிரையும், அடுத்த கோடைக்குள் முடித்துவிடும். இது நமக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல. ஆபிரிக்காவிலேயே கால்நடை மிகுந்த ஊர்களில் பெருமரங்கள் நிற்கின்றன, இளமரங்களைக் காணவில்லை. யானை செய்ததையும் வேலி செய்வதையும் இங்கே மனிதன்தான் செய்தாக வேண்டும்.

விதைக்கு மன்னார்தான் வசதி. மரத்தில் கை வைக்க வேண்டாம், விழுந்த காய் போதும். இரண்டு மூன்று வெவ்வேறு மரங்களின் கீழே பொறுக்குங்கள். மேலே சொன்ன மகரந்தக் கணக்கு இங்கேதான் உதவும்: ஒரே தாயின் பிள்ளைகளை மட்டும் நட்டால் பிற்காலத்தில் காய்க்கும் வாய்ப்புக் குறையும். வெளிநாட்டு உறவினர் விதையைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது சட்டப்படி சரியில்லை. தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி வேண்டும்.

மாவைக் கழுவி எடுத்த விதையை அரத்தில் தேய்க்க வேண்டும். உள்வளைவில் ஒரு சிறு தழும்பு இருக்கும். அது விதை காயோடு ஒட்டியிருந்த இடம், அதைத் தொடக்கூடாது. எதிர்ப்பக்கத்து முதுகில் கறுப்பு போய் வெளிர்ப்பழுப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு தேய் தேய்த்தால் பருப்பு காயப்படும். அரம் இல்லாதவர்கள் கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதற்குள் விதையைப் போட்டு ஆறவிட்டு, ஒரு நாள் ஊறவைக்கலாம். ஆய்வுகூடங்களில் செறிந்த கந்தக அமிலத்தில் மணிக்கணக்கில் போட்டு பத்துக்கு ஒன்பது முளைக்க வைப்பார்கள். வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். ஊறிய விதைகளில் சில பருத்து, வழுவழுவென்று ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். அவைதான் தயார். பருக்காதவற்றைத் திரும்பவும் தேய்த்து ஊறவைக்கவேண்டும்.

விதைக்க ஆனி மாதம் ஏற்றது. மாரிக்கு முன் நாலு மாதம் கிடைக்கும், தண்ணீரின் அளவும் நம் கையில் இருக்கும். நீளமான பொலித்தீன் பை வேண்டும். முளைத்த சில வாரத்திலேயே வேர் கிழங்காகத் தடித்து நேரே கீழே இறங்கும். குட்டைப் பையில் அது சுருண்டு திரும்பினால் பிறகு நிமிர்த்த முடியாது. கலவையில் பாதிக்கு மேல் மணல், மிச்சம் செம்மண்ணும் நன்றாக உக்கிய மாட்டெருவும். பச்சை எரு போட்டால் தண்டின் அடி அழுகும். விதையை விரல் நகத்தளவு ஆழத்தில் வைத்து மூடினால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளை வரும். சோம்பேறி விதைகள் இரண்டு மாதம் கழித்தும் எழும், பையைக் கொட்டிவிட வேண்டாம்.

முதலில் வரும் இலைகளைப் பார்த்து விதை மாறிவிட்டதோ என்று பலர் சந்தேகப்படுவார்கள். கை விரித்தாற்போன்ற இலை அல்ல அது, ஒற்றை இலை. செடி கொஞ்சம் தேறிய பிறகு மூன்றாகப் பிரிந்த இலை வரும், பிறகு ஐந்து, பெரிய மரத்தில் ஏழு வரை. முதல் வாரங்களில் உச்சி வெயிலுக்கு மேலே ஒரு கிடுகு போதும், பிறகு முழு வெயில். நிழலில் வளர்த்தால் தண்டு மெலிந்து நீளும்.

தண்ணீர் விடும் முறையில்தான் பெரும்பாலான கன்றுகள் சாகின்றன. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்று விட வேண்டாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இறைத்துப் பழகிய கை இதற்கும் அப்படியே இறைக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரின் சுண்ணாம்பு இதற்குக் கெடுதி இல்லை. தீவுப் பகுதிகளின் உவர்நீர் கன்றுக்கு ஆகாது, அங்கே மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்ற வேண்டும்.

ஐப்பசியில், முதல் மழை மண்ணை நனைத்ததும் நிலத்துக்கு மாற்றலாம். சுன்னாகம், உரும்பிராய், கோண்டாவில் செம்மண்ணில் நீர் தானே இறங்கிவிடும், சிக்கல் இல்லை. வயல் ஓரத்துக் களிமண்ணில் நடவே வேண்டாம். கல்பூமியில் மண் ஆழமுள்ள பள்ளமாகத் தேடத்தான் தோன்றும், ஆனால் கார்த்திகை வெள்ளம் நிற்பதும் அதே பள்ளத்தில்தான். ஒரு மீற்றர் அகலக் கிடங்கு வெட்டி நிரப்பி, சுற்று நிலத்தைவிட அரை அடி உயர்த்தி மேடாக்கி, அதன் உச்சியில் நடுவது நல்லது. பையைக் கிழிக்கும்போது கிழங்கு வேர் கீறினால் இரண்டு மூன்று நாள் காயவிட்டுத்தான் நட வேண்டும். வீட்டுச் சுவரையும் கிணற்றுக்கட்டையும் விட்டுப் பல மீற்றர் தள்ளி நடுங்கள். மரத்துக்கு மரம் பத்து மீற்றருக்குக் குறையக்கூடாது, ஆனால் வௌவால் ஒரே இரவில் போய்வரும் தூரத்துக்குள் மூன்று நாலு மரமாவது இருக்க வேண்டும்.

நட்ட அன்றே வேலி. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நாளைக்குச் செடி இருக்காது. அலம்பல் கட்டிய வட்ட வேலி மலிவு, பனைமட்டையும் சரி. நெடுந்தீவில் முருகைக்கல்லே கிடைக்கும். நல்ல இடத்தில் இரண்டு வருடத்தில் ஆளுயரம் வரும் என்று நூல்கள் சொல்லும். கல்மேட்டில் அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. குருத்து மாட்டின் வாய்க்கு மேலே போகும்வரை, அதாவது ஐந்து ஆறு வருடம், வேலியை ஒவ்வொரு வருடமும் புதுக்க வேண்டும். திட்டம் போட்டு மரம் நடுகிறவர்கள் நடுகிற நாளுக்குத்தான் பந்தல் போடுகிறார்கள். வேலி புதுக்கும் செலவை எந்தத் திட்டத்திலும் நான் கண்டதில்லை.

முதலாவது அல்லது இரண்டாவது கோடையில் ஒருநாள் இலை எல்லாம் மஞ்சளித்துக் கொட்டும். மொட்டைக் கம்பு ஒன்று நிற்கும். “தம்பி, உன்ரை ஆபிரிக்கா மரம் பட்டுப்போச்சு போல கிடக்கு” என்று பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் சொல்லுவா. உடனே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினால்தான் உண்மையில் பட்டுப்போகும். இலையில்லாத செடி நீரை இழுக்காது. ஈரம் நின்று கிழங்கு அழுகும். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம். பழுப்பாக உலர்ந்திருந்தால் அல்லது அடித்தண்டை அமுக்கும்போது விரல் உள்ளே போனால்தான் கவலை. நிலத்தில் நட்டு ஒரு மாரி கண்ட செடிக்கு அந்த மாதங்களில் தண்ணீரே வேண்டாம் என்பேன். பையில் நிற்பதற்கு மூன்று வாரத்துக்கு ஒருதரம் ஒரு சிரட்டை போதும்.

இந்தப் பாடத்தை முன்கூட்டியே பழக ஒரு வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்து நாற்றுக்கடைகளில் தொட்டியில் விற்கும் அடீனியத்தை வாங்கி வளர்ப்பது. பாலைவன ரோசா என்று சொல்லும் அதுவும் ஆபிரிக்காவிலும் அராபியாவிலும் வளரும் பற்றைதான், அடி பருத்து, குட்டிப் பெருக்கமரம் போலத் தோன்றும். உறவு கிடையாது, அது அலரிக் குடும்பம், பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு, ஆபிரிக்க வேடர்கள் அம்பில் பூசியது அதைத்தான். பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம். ஆனால் வேர் அழுகும் விதமும், இலை கொட்டினால் தண்ணீரை நிறுத்தும் ஒழுங்கும் இரண்டுக்கும் ஒன்று.

பூச்சிகளில் பெரும்பாலும் சொந்தக்காரர்களின் பூச்சியே வரும். இலவுக்கும் பூவரசுக்கும் கீழே வால் ஒட்டிச் சோடியாகத் திரியும் சிவப்புப் பூச்சிகள் பருத்திக் குடும்பத்தின் விதையைக் குடிப்பவை. காய்க்கும் மரத்துக்கு அவை தொல்லை, கன்றுக்கு அவ்வளவு இல்லை. கன்றின் குருத்தில் வெள்ளை மாவுப்பூச்சி ஏறினால் சவர்க்காரக் கரைசலை ஒரு துணியில் தோய்த்துத் துடைத்தால் போதும்.

நிற்கும் முதுமரத்துக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம். செய்யாமல் விட வேண்டியது அதிகம். அடியைச் சுற்றிச் சீமெந்துத் தளம் போட்டு அழகுபடுத்தினால், மண்மேலாக ஓடும் வேரின் வாயை மூடியதாகும். பொந்தைக் கல்லாலோ சீமெந்தாலோ அடைக்கக்கூடாது, உள்ளே நெருப்பு மூட்டக்கூடாது. சுற்றளவை அளப்பதென்றால் நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் அளக்க வேண்டும். மாரியில் நீர் ஏறிப் பருப்பதும் கோடையில் சுருங்குவதும் இதற்கு வழக்கம். அந்த ஏட்டை ஒரு பள்ளிக்கூடமே வைத்திருக்கலாம்.

அவசரம் ஏன் என்றால், இந்த மரங்கள் இறக்கும்போது மெல்ல இறப்பதில்லை. பட்ருட் குழு 2018இல் அறிவித்தபடி, ஆபிரிக்காவின் மிகப் பழைய 13 பெருக்கமரங்களில் 9, 2005க்குப் பிந்திய பன்னிரண்டு வருடத்துக்குள் முற்றாகவோ அவற்றின் மிகப் பழைய தண்டளவிலோ சரிந்துவிட்டன. பாங்கே 2010, 2011இல் துண்டு துண்டாக விழுந்தது. வெப்பநிலை உயர்வும் வறட்சியும் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம். விழுந்த பெருக்கமரத்தில் பலகை கிடைக்காது. சில மாதத்தில் உக்கி நார்க்குவியலாகிவிடும்.

விதையிலிருந்து வந்த மரம் பூக்க எட்டு முதல் இருபத்துமூன்று வருடம் வரை எடுக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒட்டு வழி இருக்கிறது. மாலி முதலிய மேற்கு ஆபிரிக்க நாடுகளில் காய்க்கும் மரத்தின் குச்சியை இளங்கன்றில் ஒட்டி, நாலைந்து வருடத்திலேயே பூக்க வைக்கிறார்கள். மாம்பழத்துக்கு ஒட்டுக் கட்டும் கைகள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. பென்சில் தடிப்புக் கன்று ஒன்றும், அதே தடிப்பில் மன்னாரில் நன்றாகக் காய்க்கும் மரத்தின் இலையற்ற குச்சி ஒன்றும் போதும். இலை விடுவதற்குச் சற்று முந்திய நாட்களில் கட்ட வேண்டும், ஒட்டு வாயில் மழைத்தண்ணீர் போகாமல் பொலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். வேலி மட்டும் அதற்கும் ஆறு வருடம்தான்.